பதினைந்து மைல்

பாடையைக் கண்டதும் இருசப்பன் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். செங்கம் ரோட்டில் அவருடைய பஸ் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. பின் சீட்டில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு முன் சீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இருசப்பனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. உயிரோடு இருப்பவர்களுக்கு ஹாரன் மட்டும்தான் கொடுப்பார். வழி கொடுப்பதெல்லாம் பிணத்துக்குத்தான். எஞ்சினை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

சங்கு முழங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில், ரோட்டுக்கு நட்ட நடுவே நாலு பேர் பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். கழுத்து வரை மாலை, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு, நெற்றியில் ஒரு காசு. முகத்தைப் பார்த்ததும் இருசப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நம்ம ஏட்டய்யா சின்னசாமி!"

ஏட்டு சின்னசாமியை அந்த ரோட்டு டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பஸ்களை மெதுவாகப் போகச் சொல்வதற்காக அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர் விசில் ஊதினால், பின்னால் கண்டக்டர்தான் 'ரைட்' கொடுக்கிறான் என்று டிரைவர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள்.

மணிக்கு இவ்வளவுதான் வேகம் என்று '15 மைல்' போர்டு ஒன்றும் இருந்தது. வைத்த மறுவாரமே அதன் மேல் சினிமா போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஊரார் புகார் கொடுத்தபோது, "போர்டுதான் இருக்கிறதே!" என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. போன மாதம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கால் மேல் ஒரு பஸ் ஏறியது. அதற்கும் அதே பதில்தான் வந்தது என்றால் வயிறு எரியாதா?

பாடையின் தலைமாட்டில் ஏட்டின் மனைவி வேதா நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தங்கச்சி ஆச்சு? நேத்து கூட இங்கதான விசிலு ஊதிக்கினு நின்னாரு!"

"என் வாயால அந்த வார்த்தைய சொல்லமாட்டேண்ணே. என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

இதற்கு மேல் யாருக்குத்தான் தாங்கும்? இருசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகுதான் இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

"நேத்து என் வண்டிக்கு ஒதுங்கப் போயித்தான தங்கச்சி அவரு கால்வாயில விழுந்தாரு?"

"ஆமாண்ணே. நீங்க வந்த வேகத்துலதான் விழுந்தாரு. ராவெல்லாம் இடுப்பு வலி தாங்கல."

இருசப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. கண் முன்னால் கோர்ட்டும் லைசென்ஸும் வந்து போயின. அவற்றுக்கு நடுவே ஏட்டும் கொஞ்சம் வந்து போனார் என்றே வைத்துக்கொள்வோம்.

"கொள்ளி வெக்க பையன் எங்க?" என்றார்.

"உள்ள படிச்சிக்கினு இருக்கான். மணி அடிச்சாத்தான் வருவான்."

"இந்த நேரத்துலயும் படிப்பா! ஏட்டய்யா புள்ளைன்னா சும்மாவா? அவரு கண்டிஷன் அப்படி!" என்று இருசப்பன் மூக்கைச் சிந்தினார். "நான் இன்னா செய்யணும்னு சொல்லு தங்கச்சி. இப்பவே செஞ்சுடறேன்."

வேதா அண்ணாமலையைக் காட்டினாள். "எனக்கு ஒண்ணும் வேணாண்ணே. மலையப் பாத்து ஒரு சத்தியம் பண்ணுங்க, போதும். இந்தப் புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

திருவண்ணாமலை பஸ்ஸில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கற்பூரம் இருக்கும். பயணி ஒருவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரோட்டிலேயே அதைக் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார் இருசப்பன்.

"அண்ணாமலையாரே! இந்தப் பள்ளிக்கூடத்தாண்ட பதினஞ்சு மைலுக்கு ஒரு நூலு ஜாஸ்தி போனாலும், ஸ்டியரிங் புடிக்கிற இந்தக் கையி வெளங்காம போவட்டும்!"

சட்டத்தை மீறினால் அபராதத்தோடு போயிற்று. கற்பூரம் அடித்ததை மீறியவனுக்கு அந்த ஊரில் ஒருத்தன் பெண் கொடுக்க மாட்டான்.

நாலு பேரும் பாடையை ஓரமாக நகர்த்தினார்கள். இருசப்பன் பஸ்ஸை எடுத்தார். அது போன வேகத்தில் பின்னால் வந்த கட்டை வண்டி ஒன்று அதைத் தாண்டிப் போனது. வண்டிக்காரன் திரும்பி ஒரு ஏளனப் பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குள் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. பிள்ளைகள் பையை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பஸ் நின்றது. கடைசிப் பிள்ளை அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் நகர்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் வேதாவின் கண்ணில் முதல்முறையாகத் தண்ணீர் வந்தது.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. வேதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலையைச் சரிசெய்கிற சாக்கில் பாடையின் மேல் குனிந்தாள்.

"எழுந்துக்காதீங்க, இன்னொரு பஸ்ஸு வருது!"