பின்சீட் சுகம்

பின்சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோர்த்து வைத்திருந்தவரைப் பார்த்தால் யாரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் புரோக்கர்கூட முதல் நாள் அப்படி நினைத்து ஏசியைக் கூட்டிவைத்தவர்தான்.

அவர் டிரைவர். ஓர் அச்சக முதலாளியிடம் பத்தொன்பது வருஷமாக வேலை. பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பின்னால் உட்கார்ந்து, மேடு பள்ளமாகப் பார்த்து விடச் சொல்வார். ஓட்டுகிறவனுக்கு எந்த வண்டியும் பழகிவிடும், உட்காருகிறவருக்குத்தான் வலி தெரியும் என்பது அவர் கட்சி.

இது பதினோராவது வண்டி. சொகுசாக இருந்தவை மேம்பாலத்தில் பாதியிலேயே மூச்சு வாங்கின. இழுவை இருந்தவை ஒவ்வொரு வேகத்தடைக்கும் இடுப்பைக் கழற்றின. இரண்டும் சேர்ந்து அமைந்தவற்றின் விலையைக் கேட்டதும் டிரைவரே கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டார்.

முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். அச்சகத்தில் ஆர்டர் பாதியாகிவிட்டது, கையில் இருப்பது சுமாரான தொகைதான். வெளியூர் வாடிக்கையாளர்களைப் பார்க்க வாரம் நாலு நாள் அலைய வேண்டும், இப்போது இருக்கிற வண்டி அதற்குத் தாங்காது, தோதான வண்டி இந்த மாசத்துக்குள் அமையவில்லையென்றால் வாடகைக் காரில் போய்க்கொள்கிறேன் என்றார்.

வாடகைக் கார் என்றால் டிரைவர் எதற்கு? அதை முதலாளி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஐம்பத்து நாலு வயசில், தேய்ந்த முதுகை வைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது? மகளுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வீட்டில் சொல்லவும் வாய் வராமல், பாவம், மனுஷன் பத்து நாளாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஆறுதல் முதலாளியின் அன்புதான். இரண்டு மாதமாக அவர் பின்சீட்டை விட்டுவிட்டு முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார். மகளின் படிப்பு, முதுகு வலி, இந்தத் திருப்பத்தில் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத மனுஷருக்கு ரோட்டைப் பற்றி என்ன அக்கறை என்று டிரைவருக்குச் சிரிப்பாக வரும். இத்தனை வருஷம் கழித்தாவது தன்னைச் சரிசமமாக மதிக்கிறாரே என்று பூரிப்பாகவும் இருக்கும்.

பதினோராவது வண்டி மூன்று வேகத்தடைகளைத் தாண்டியது. டிரைவரின் முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் திறந்தார்.

புரோக்கரின் ஷெட்டிலிருந்து நாலு தடியான ஆட்களை ஏற்றிக்கொண்டு, இந்த முறை தானே ஓட்டினார். மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தார். வண்டி ஒரு அடிகூடப் பின்னால் நழுவாமல் ஜம்மென்று ஏறியது. கியர் மாற்றும் வேலையே இல்லாத ஆட்டோமேட்டிக் வேறு.

விலைதான் கொஞ்சம் இடித்தது. எவ்வளவு கெஞ்சியும் புரோக்கர் இறங்கிவரவில்லை. வண்டி கைமாறினால், பார்த்துக் கொடுத்த டிரைவருக்குப் புரோக்கர் ஒரு பங்கு தருவது அங்கே வழக்கம். டிரைவர் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குன்னு எடுத்து வச்சிருப்பீங்கல்ல, அது எனக்கு வேணாம். விலையில கழிச்சுடுங்க."

புரோக்கர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் தொழிலில் இப்படி ஒரு ஆளைக் கண்டதில்லை.

மறுநாள் காலை முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. மைலேஜ் கேட்கவில்லை, எத்தனை கை மாறியது என்று கேட்கவில்லை.

"ஓட்டறதுக்கு எப்படிண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் டிரைவர் மூச்சு விடாமல் புகழ்ந்தார். "கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது சார். இதை மிதிச்சாப் போகும், அதை மிதிச்சா நிக்கும். நேத்து ஓட்டக் கத்துக்கிட்டவங்ககூட இதை அசால்ட்டா ஓட்டிடலாம்."

முதலாளி தலையாட்டினார். முகம் மட்டும் மலரவில்லை. கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரை டிரைவர் பக்கமே திரும்பவில்லை. பாவம், பணத்தைக் கொடுக்கிறவருக்கு வயிறு எரியத்தானே செய்யும் என்று டிரைவர் அவருக்காக வருத்தப்பட்டார்.

டிரைவருக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இன்றைக்கு மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், நடந்ததையெல்லாம் இனிமேல் மனைவியிடம் தைரியமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தார், பக்கத்து சீட்டைத் துடைத்தார். முதலாளிக்காக அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சுற்றிவந்து ஸ்டியரிங் பக்கத்துக் கதவில் கை வைத்தார்.

முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். டிரைவரின் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கு லைசென்ஸ் வந்துடுச்சுண்ணே. நீங்க பின்னால உக்காருங்க, உங்களை வீட்ல விட்டுட்டுப் போறேன்."