சிவப்பு ரிப்பன் கட்டிய மரம்

ரம்பம் நின்ற பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. டான்யூப் தீவின் ஈர மண்ணில் கறுப்பு ஹாதார்ன் முள்மரம் ஒருக்களித்துக் கிடக்கிறது. உதிர்ந்த பழங்கள் மரவெட்டி வென்செலின் பூட்ஸுக்கடியில் நசுங்கி மைபோலக் கசிகின்றன. வனக்காவலர் இல்கா, அடிமரத்தில் தான் கட்டிய சிவப்பு ரிப்பனின் முடிச்சை நகத்தால் நெருடுகிறாள். “சிவப்பு கட்டினா வெட்டணும்னுதானேம்மா? எங்கப்பா காலத்துலேருந்தே அப்படித்தான்.” “யாரும் தொடக் கூடாதுன்னு கட்டினேண்ணே. தூரத்துலேயே தெரியட்டும்னு.” வென்செல் தொப்பியைக் கழற்றுகிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டுகிறார். வாங்கிக் கீழே வைக்கிறாள். விழுந்த கிளையில் ஒரு குருவி இன்னும் பழம் கொத்துகிறது. “வேற எந்த மரத்துலெல்லாம் கட்டியிருக்கே? சொல்லும்மா, ஒண்ணையும் தொட மாட்டேன்.” “இந்தத் தீவுல இந்த ஜாதி மரம் இது ஒண்ணுதாண்ணே இருந்துச்சு.” முடிச்சு இப்போதுதான் அவிழ்கிறது.