டீ கிளாஸ் அளவு

ஊர்க் கால்பந்துப் போட்டியின் இடைவேளை வெயிலில், மைதானத்தின் ஓரமாக நீல டிரம் ஒன்று நிற்கிறது. போன வருஷம் தண்ணீர்ப் பாட்டில்களோடு எச்சில் தட்டுகளும் கலந்து கிடந்ததால் மறுசுழற்சி லாரி எதையும் ஏற்றாமல் திரும்பியது. இன்றும் அப்படியென்றால் இனி எட்டிக்கூடப் பார்க்காது. அதற்காகவே, பாட்டில் மட்டும் நுழையட்டும் என்று தகர மூடியில் வெல்டர் வட்டமாகத் துளை வெட்டியிருக்கிறான். பாட்டில்தான் நுழையவில்லை. "எத வச்சுடா அளந்த?" என்று பல்லைக் கடிக்கிறாள், போட்டி வேலைகளைத் தலையில் சுமக்கும் அவனுடைய அக்கா. "டீ கிளாஸ வச்சுத்தான். ரெண்டும் ஒரே சைஸுன்னு நெனச்சேன்க்கா." பக்கத்தில் வியர்வை வழிய நிற்கும் கோல்கீப்பர் பெண் தன் காலி பாட்டிலை, துணி பிழிவதுபோல முறுக்குகிறாள். படபடவென்று நசுங்கி ஒல்லியான பாட்டில் துளைக்குள் வழுக்கி விழ, "கோல்!" என்று கத்துகிறது கூட்டம். அவ்வளவுதான். பாட்டில் வைத்திருப்பவர்களெல்லாம் வரிசைகட்டுகிறார்கள்; முறுக்கும் சத்தம் மைதானம் முழுக்கப் பொரிகிறது. கையில் பாட்டில் இல்லாத ஒருவர், தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வருகிறார். "அந்த ஓட்டைய அப்படியே விட்டுடுடா" என்கிறாள் அக்கா. நடுவர் விசில் ஊதுகிறார். யாரும் அசையவில்லை. மறுபடி ஊதுகிறார். பிறகு விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்.