பதினான்காவது ஈ

இருபத்தாறு மணி நேரமாக உமையாள், தான் தங்கியிருந்த எஸ்தர் அக்கா வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோத்தகிரி மலையில், சொகுசு விடுதிக்குக் கீழே ஓடும் ஓடையில், நெடுங்கால் ஈக்களை இனம் பிரிக்க வந்தவள் அவள். அவை பெரிய கொசு போல இருக்கும், ஆனால் கடிக்காது. இறக்கை நரம்புகளைப் பார்த்துப் பதின்மூன்று இனங்களைப் பிரித்துவிட்டாள். பதினான்காவதன் இறக்கையோரம் ஊதா முத்திரை இருந்தது. அது காட்டு ஈ அல்ல. நகரங்களுக்காக ஒரு கம்பெனி ஆய்வகத்தில் உருவாக்கி முத்திரையிட்டது. கரைப்பாசியை விரலால் அழுத்தியதும் நூற்றுக்கணக்கில் கிளம்பின. ஒடிந்த கால் ஒன்று அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்தெறிந்துவிட்டுத் தன் ஆய்வு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"நாங்கள் உறுதி செய்யும்வரை யாரிடமும் வாய் திறக்காதே" என்றது அலுவலகம். வாய் திறப்பது அவளுக்கு எப்போதுமே சிரமம்தான்.

எஸ்தர் அக்கா டீயை நீட்டினாள். "ஓடைத் தண்ணியில போட்டது, பாப்பா. கல்கண்டு மாதிரி இருக்கும்."

"வேண்டாங்க்கா."

"நேத்தும் இதேதான். பாட்டில் தண்ணி மட்டும்தான் இறங்குமோ?" அக்காவின் சிரிப்பு மறைந்தது. "எங்க வீட்டுத் தண்ணி தீட்டுன்னா நேரா சொல்லிடு. எங்க தாத்தாவுக்கும் சொன்னாங்க, எனக்கும் சொல்லியிருக்காங்க. உனக்கு மட்டும் என்ன கூச்சம்?"

அதற்குள் அக்காவின் சின்ன மகள் குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. உமையாள் பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

"தீட்டு இல்லக்கா. விடுதிக் கக்கூஸ் இந்த ஓடையிலதான் விழுது. அந்த ஈ மனுஷப் பீயில மட்டும்தான் வளரும்."