மேடத்தின் கையெழுத்து

"கேட்ட உடனே கையெழுத்துப் போட்டுடுவாங்களா? கூத்கொள்ளி சார், உட்காருங்க. மொதல்ல பேப்பரைப் படிக்கணும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வெங்கடராமன் கூத்கொள்ளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இந்த மேஜைக்கு அவர் வருவது இது மூன்றாவது நாள். முதல் நாள் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது என்று திருப்பி அனுப்பப்பட்டார். நேற்று, "நேரம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க."

இன்று கையெழுத்து வாங்கியே ஆகவேண்டும். நான்கு மணிக்குள் பதினைந்து ஹெச் படிவத்தைக் கொடுக்காவிட்டால், மனைவியின் வைப்புநிதி வட்டியில் பத்து சதவீதத்தை பேங்க் வரியாகப் பிடித்துவிடும். அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சம்பளம் அந்த வட்டியிலிருந்துதான்.

"பார்ட்டி யாரு?"

"என் சம்சாரம் மேடம். வயசு எழுபத்தாறு."

"அவங்க ஏன் வரல?"

"உடம்பு சரியில்ல. ஞாபகமும் சரியில்ல. போன வாரம் இதே பேப்பரை நீட்டினேன். கசக்கி என் மூஞ்சியிலயே போட்டுட்டாங்க."

"ஏன், ஏதாவது சண்டையா?"

"என்னை யாருன்னு தெரியல மேடம்."

"தெரியாத ஆளு நீட்டற பேப்பர்ல யார் கையெழுத்துப் போடுவா? விவரமானவங்கதான்."

வெங்கடராமன் சிரித்துவிட்டார். "ரொம்ப விவரம் மேடம்."

அம்மாளின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன, வட்டியில ஐம்பதாயிரம் கழிச்சிருக்கீங்க? அப்படி ஒரு கழிவே சட்டத்துல கிடையாதே."

"இப்ப வந்திருக்கு மேடம். அறுபது வயசு தாண்டினவங்களுக்கு மட்டும்."

"யார் சொன்னா? சர்க்குலர் எனக்கு வரலையே."

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்து வைத்தார். அம்மாள் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். கதவோரம் பியூன் மாதிரி நின்ற காந்தா மெதுவாக, "மேடம், வெளிய இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா. வயசானவரை அவசரப்படுத்தக் கூடாது." தாளை மடித்தார். "பரவாயில்ல சார். கவர்ன்மென்டுக்கே வயசானவங்க ஞாபகம் வந்திருக்கு."

"ஆமா மேடம்."

"சம்சாரத்துக்கு மருந்துச் செலவு?"

"அதையும் கழிச்சிருக்கேன். எல்லாம் போக வரி பூஜ்யம். பில் எல்லாம் இதோ."

பில்களைப் புரட்டிய கை ஒரு மருந்துச் சீட்டில் தயங்கியது. "தினம் ஏழு மாத்திரையா? பாவம். கசப்பா இருக்குமே, சாப்பிடறாங்களா?"

"ஆறு சாப்பிடுவாங்க. ஏழாவதைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிடுவாங்க."

"திட்டாதீங்க."

"திட்டினதே இல்ல மேடம்."

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார். பிறகு அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"கணக்கு சரியா இருக்கு. எங்க போடணும்?"

"இங்க, இந்தக் கோட்டு மேல."

காட்டிய விரலோடு உள்ளங்கையும் பாதிப் படிவத்தை மறைத்தது. முழுப்பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்து முடித்தார் அம்மாள்.

வெங்கடராமன் எழுந்து கும்பிட்டார். அம்மாள் ஏதோ சொல்ல, தலையாட்டிவிட்டு, படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார்.

ஹாலில் வண்டிச் சாவியோடு தயாராக நின்றிருந்தாள் மகள் ஸ்னேஹா.

"அம்மா இன்னிக்கும் ஆபீஸ்லதான் இருந்தாளா? கையெழுத்துப் போட்டுட்டாளாப்பா?"

"போட்டுட்டா. 'சம்சாரம் உங்களைத் தேடிட்டு இருப்பாங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லி அனுப்பினா."