பச்சையாய் நின்ற வயல்

“இந்த ஜிங்க் உரம் முந்திப் போய் வேர்ல இடம் பிடிச்சிடும், அப்புறம் ஆலைத் தண்ணியில வர்ற காட்மிய விஷம் உள்ள நுழையறது கஷ்டம்” என்று நடவுக்கு முன் உரத்தைத் தூவியபடி சிவநேசன் சொன்னான். “என்னைப் பொண்ணு பாக்க நீங்க முந்தி வந்த மாதிரியா?” என்று சிரித்தாள் மனைவி பூங்கோதை.

ஆலைக் கழிவுநீர் பாய்ந்து ஊர் வயல்களெல்லாம் கருகியபோது, ஜிங்க் போட்ட அவர்கள் வயல் மட்டும் பச்சையாய் நின்றது. அதைப் படம்பிடித்துக் காட்டியே, தண்ணீரில் குற்றமில்லை என்று ஆலைக்காரர்கள் ஊராரின் நஷ்டஈட்டு மனுவைத் தள்ளவைத்தார்கள். அன்று முதல் கணவனிடம் கேட்க நினைத்த ஒன்றை அவள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

இன்று அவள் தம்பி மருதையன் அரிவாளோடு வயலில் இறங்கினான். “உன் பயிருதான்யா எங்க வயித்துல அடிக்குது, மச்சான்!” என்று கத்திக்கொண்டே கதிர்களை வெட்டிச் சாய்த்தான். சிவநேசன் மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் அவன் மண்டையில் அடித்தான். சேற்றில் விழுந்தவனை அடிக்க மறுபடி ஓங்கியபோது பூங்கோதை குறுக்கே பாய்ந்தாள். காம்பு அவள் தோளில் இறங்கியது. தம்பியின் ரத்தம் கொட்டும் தலையை முந்தானையால் அழுத்திக்கொண்டு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்தப் பயிரை அழிச்சிடுங்க மாமா.”