முதலாளிக்கு ஒரு நாற்காலி

மூன்றாவது தடவையும் நாற்காலியின் கால் பிரிந்தது. மடியில் அம்மிக்கல்லோடு உட்கார்ந்திருந்த இராமலிங்க ஆசாரி, கல்லோடு தரைக்கு வந்தார்.

முதல் தடவை உட்கார்ந்ததுமே விழுந்தார். அடுத்த தடவை ஒரு வெற்றிலை மெல்லும்வரை தாங்கியது. இது பரவாயில்லை, காபி ஆறும் நேரம் தாங்கியது.

திருவண்ணாமலை கடலை மண்டியில் கணக்கெழுதும் சோமநாதன் கைகொடுத்துத் தூக்கினார். "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கணும் ஆசாரி. முதலாளி ஒங்களவிட ஜாஸ்தி கனம். எம்பொண்ணு வேதாவோட வாழ்க்கையே இதுலதான் இருக்குது."

வெள்ளிக்கிழமை மண்டி முதலாளி தன் மகனுக்கு வேதாவை நிச்சயம் பண்ண வருகிறார். 1958-ல் கணக்கெழுதுகிறவர் வீட்டில் ஏது நாற்காலி? அதனால்தான் இந்த ஏற்பாடு.

"குடிச்சிட்டு மொதப் பொண்டாட்டிய அடிச்சுத் தொரத்தனவனாச்சே, அவனுக்கா பொண்ணு குடுக்கறீங்க?" என்றாள் ஆசாரியின் மனைவி காசியம்மாள்.

"சோறு போடற முதலாளி கேக்கறாரு. முடியாதுன்னு எப்பிடிம்மா சொல்றது?"

ஆசாரி கொல்லையில் இன்னொரு முருங்கைக் கிளையை வெட்டி வந்து, ஆப்பை இந்தத் தடவை கொஞ்சம் தடியாகச் செதுக்கினார்.

வெள்ளிக்கிழமை முதலாளி உட்கார்ந்தார். நாற்காலி முனகக்கூட இல்லை. கேசரி சாப்பிட்டார், காபி குடித்தார், பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்.

தாம்பூலத் தட்டை வாங்கக் கையை நீட்டினார். மடார் என்று ஒரு சத்தம். முதலாளி மல்லாந்து கிடந்தார், தேங்காய் வாசல்வரை உருண்டது.

"தட்டு மாத்தற நேரத்துல இப்பிடியா? இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று முதலாளியம்மா எழுந்துவிட்டாள். அபசகுனத்துக்கு மேல் அப்பீல் ஏது?

மறுநாள் காலை சோமநாதன் பட்டறை வாசலில் வந்து நின்றார். தேரடித் தெருவுக்கே கேட்கும்படி, "நீயெல்லாம் ஒரு ஆசாரியா? எம்பொண்ணு கல்யாணத்தையே கெடுத்துட்டியே" என்று கத்தினார். கூடிய கூட்டமும் தன் பங்குக்குத் திட்டியது. காசியம்மாளுக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் சோமநாதன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஆசாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாம பேசின நேரத்துக்குச் சரியா ஒடைஞ்சுதுங்க, ஆசாரி."